மேடமும் பேட்டரி தூக்கியும்

என் மனைவியை முதன்முதலாக ஒருவர் 'மேடம்' என்று கூப்பிட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். வேறு யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். காபிச் செடிதான் நின்றது.

கூப்பிட்டவர் பூச்சி ஆராய்ச்சிக்காரர். கோயம்புத்தூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். தொப்பை கிடையாது. இதை ஏன் சொல்கிறேனென்றால், அவர் எங்கள் தோட்டத்தில் இருந்த மூன்று வாரமும் நான் முதலில் கவனித்தது அதைத்தான். அவர் செய்த ஆராய்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு.

கொடைக்கானலுக்குக் கீழே பண்ணைக்காட்டில் எங்களுக்குக் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, ஊடே வாழை. ஆரஞ்சு மரங்களுக்கு அடியில் எட்டுத் தேன்பெட்டி வைத்திருந்தேன். அந்த வருஷம் மழை விட்டதும் கடந்தைகள் வந்தன. கடந்தை என்பது பெரிய குளவி. பெட்டி வாசலுக்கு எதிரே அந்தரத்தில் மிதந்துகொண்டே நிற்கும். பூவுக்குப் போய்த் திரும்புகிற தேனீயை அப்படியே பிடித்து, தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, உடம்பைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஐப்பசி முடிவதற்குள் இரண்டு பெட்டி காலி. கூடு எங்கே இருக்கிறதென்று தெரிந்தால் ஒழித்துவிடலாம். ஒவ்வொரு கடந்தைக்கும் பின்னால் நானும் ஓடிப் பார்த்தேன். பள்ளத்துப் பக்கம் இறங்கும், சில்வர் ஓக் மரங்களுக்குள் நுழையும், அவ்வளவுதான். எனக்கு மூச்சு வாங்கும்.

வேளாண்மை ஆபீசில் யாரோ சொல்லி அந்த ஆராய்ச்சிக்காரர் வந்தார். கடந்தை எவ்வளவு தூரத்திலிருந்து வேட்டைக்கு வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். கூடு எங்கே என்று எனக்குத் தெரிய வேண்டும். இருவருக்கும் ஒரே கடந்தைதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு அவர் ஒரு கருவி கொண்டு வந்திருந்தார். கடந்தையின் முதுகில் முடியளவு மெல்லிய கம்பி ஒன்றை ஒட்டிவிடுவது. கம்பியின் நடுவில் கடுகைவிடச் சின்னதாக ஒரு துணுக்கு. பேட்டரி கிடையாது, ஒன்றும் கிடையாது. நம் கையில் இருக்கிற ராடார் ஒரு அலையை அனுப்பும். மரம், பாறை, இலை எல்லாம் அதை அப்படியே திருப்பி அனுப்பும். இந்தக் கம்பி மட்டும் அதை இரண்டு மடங்கு கீச்சுக்குரலாக மாற்றி அனுப்பும். ராடார் அந்தக் கீச்சுக்குரலை மட்டும்தான் காதில் வாங்கும். "கூட்டத்துல நீங்க 'ஏய்'னு கூப்பிட்டா எல்லாரும் உங்களை மாதிரியே 'ஏய்'ங்கறாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் பொம்பளக் குரல்ல 'என்னங்க'ங்கறாங்க. அவங்களைக் கண்டுபிடிக்கறது சுலபம்தானுங்ணா?" என்று அவர் எனக்கு விளக்கினார்.

நல்ல உதாரணம்தான். பிறகு அதை நினைத்து நினைத்து நான் பட்ட பாடு அவருக்குத் தெரியாது.

சிக்கல் ஒட்டுவதில் இருந்தது. வலையில் பிடித்த கடந்தையைச் சின்னக் குப்பியில் போட்டு ஐஸில் வைத்தால் சற்று நேரம் விறைத்துக் கிடக்கும். அது முழித்துக்கொள்வதற்குள் ஒட்ட வேண்டும். ஐஸ் வைக்க என் காபி பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார்கள். அன்றோடு எனக்குத் தோட்டத்தில் சூடான காபி கிடையாது. ஆராய்ச்சிக்காரர் இடுக்கியில் கம்பியை எடுப்பார், கை நடுங்கும், கம்பி ஒடியும். முதல் நாள் நாலு கம்பி ஒடித்தார். ஐந்தாவதைத் தன் கட்டை விரலிலேயே ஒட்டிக்கொண்டார். நான் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் என் மனைவி சோற்று வாளியை இறக்கி வைத்துவிட்டு, "குடுங்க, நான் பாக்குறேன்" என்றாள்.

அவள் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவள். சட்டத்தில் துணியைக் கட்டி, கொக்கி ஊசியால் கடுகு மாதிரி மணிகளைக் கோத்துப் பூவும் மயிலும் போடுவாள். கொடைக்கானல் வரை அவளுக்கு ஆர்டர் உண்டு. கடந்தையின் முதுகு அவளுக்கு ஒரு விஷயமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தொடலில் ஒட்டிவிட்டு, "அம்புட்டுத்தானா?" என்றாள்.

"மேடம்!" என்றார் அவர்.

அவள் தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் நான் எத்தனையோ விதமாகக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த மாதிரி அவள் நிமிர்ந்ததில்லை.

அன்றிலிருந்து வேலை பிரிந்தது. மேடம் ஒட்டுவார்கள். சார் ராடாரைத் திருப்புவார். ராடாரின் பேட்டரியைப் பையில் போட்டு முதுகில் சுமந்துகொண்டு, வயர் இழுபடாத தூரத்தில், நான் சாருக்குப் பின்னால் நடப்பேன். எங்களை ஏற்றி இறக்குகிற ஜீப்காரன் என் பள்ளித் தோழன். மூன்றாம் நாளே எனக்குப் பேர் வைத்துவிட்டான்.

"என்னலே பேட்டரி தூக்கி, இன்னைக்குச் சார்ஜ் இருக்கா?"

"எனக்கா, பேட்டரிக்கா?"

"ஒனக்குத்தான். அதுக்கென்ன, அது புதுசு."

என் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. என்னை அவர் 'அண்ணா' என்கிறார். அப்படியானால் அவள் அண்ணிதானே? உலகத்தில் எந்த அண்ணன் பெண்டாட்டியாவது மேடம் ஆகியிருக்கிறாளா? 'அண்ணி' என்று கூப்பிடுவதில் அவருக்கு என்ன கஷ்டம்? இதைக் கேட்டுவிடலாமென்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும், "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகருங்ணா" என்றார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தொழில் காபி என்றாலும் பிழைப்பே மற்றவர்களைச் சிரிக்க வைப்பதுதான். கல்யாண வீடோ துட்டி வீடோ, என்னைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். என்னுடைய முதல்தரச் சரக்கு காட்டுமாடு கதை. கல்யாணமான புதிதில், பனி இறங்கிய ஒரு சாயங்காலம், வாசல் படலுக்குப் பக்கத்தில் யாரோ கறுப்பாக, கம்பளி போர்த்திக்கொண்டு நிற்பது மாதிரித் தெரிந்தது. அவளுடைய தாய்மாமாதான் வந்திருக்கிறார் என்று எண்ணி, "வாங்க மாமா, ஏன் அங்கேயே நிக்கிறீங்க, ஒரு காபி சாப்பிடலாம்" என்று தோளில் கை போடப் போனேன். மாமா புஸ்ஸென்று மூச்சு விட்டார். கொம்பு இருந்தது.

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு! நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்தக் கதையை இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊர் இன்னும் சிரிக்கிறது. அவள் மட்டும் ஐந்தாறு வருஷமாகச் சிரிப்பதில்லை. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்" என்பாள். மாமா மூச்சு விடுகிற இடத்தில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஊரே கைதட்டினாலும் அந்த ஒரு ஆள் சிரிக்காவிட்டால் என் கடையில் வியாபாரம் இல்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது வாரம், வாழை வெட்டப் போயிருந்த நான் திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அதே சிரிப்பு. ஆரஞ்சு மரத்தடியிலிருந்து. எட்டிப் பார்த்தால் அவள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எதிரில் அவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். பிடிப்பதற்கு அங்கே வயிறு என்று ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன ஜோக்கு?" என்றேன், சாதாரணமாகக் கேட்பது போல. வாழைத்தார் தோளில் இருக்கும்போது அப்படிக் கேட்பது கடினம்.

"ஒண்ணுமில்லீங்க, சும்மா" என்றாள்.

சும்மா! என்னுடைய தலைசிறந்த கதைக்கு 'ம்'. ஊர் பேர் தெரியாத ஒருவர் என்னவோ சொன்னதற்குத் தரையில் உட்கார்ந்து சிரிப்பு, கேட்டால் சும்மா.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சொன்னால் எனக்கு ஐம்பது வயது என்று யாரும் நம்ப மாட்டார்கள். தலைக்கு மை அடித்தேன். மை காதிலும் கொஞ்சம் பட்டு, ஒரு வாரம் கரிக்கடைக்காரன் மாதிரித் திரிந்தேன். செவ்வாய்க்கிழமை என்றும் பாராமல் சவரம் செய்துகொண்டேன். அவர் பார்க்கும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு நடந்ததில், பேட்டரிப் பையின் பட்டை நழுவி நழுவி விழுந்தது. சாப்பிடும்போது அவளிடம், "அலைநீளம்னா என்ன தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "ரசம் வேணுமா வேணாமா?" என்றாள்.

கடைசியில் திருடினேன்.

யோசனை இதுதான். முதுகில் கம்பி ஒட்டினால் கடந்தை எங்கே போகிறது என்று தெரியும். கடந்தை போகிற இடம் தெரியும் என்றால் மனிதர்கள் போகிற இடமும் தெரியுமே? எனக்கே இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு, இத்தனை பெரிய படிப்புப் படித்தவருக்கு இது தோன்றவில்லையே என்று பெருமையாகக்கூட இருந்தது.

கம்பிகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. டப்பாவிலும் கொஞ்சம், கழற்றி வைத்த மூடியிலும் கொஞ்சம். என் மனைவி மணி கோக்கும்போது நல்ல மணிகளைப் பொறுக்கி மூடியில் வைப்பாள். ஓட்டை அடைத்தது, உடைந்தது எல்லாம் டப்பாவிலேயே கிடக்கும். மூடியில் இருப்பதைத் தொட்டால் கையில் அடி விழும். ஆகவே நான் யோசிக்கவே இல்லை. மூடியிலிருந்து ஒன்றை எடுத்து, பீடி அட்டையில் வைத்து மடித்து, பசைக் குழாயோடு வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அவளுடைய மெரூன் ஸ்வெட்டர் கொடியில் தொங்கியது. அதன் முதுகில், கழுத்துக்குக் கீழே, கம்பளி இழைக்குள் கம்பியை மறைத்து ஒட்டினேன். ஒட்டும்போது என் சுட்டுவிரலும் ஸ்வெட்டரோடு ஒட்டிக்கொண்டது. அவள் கொல்லையிலிருந்து வருகிற சத்தம் கேட்டது. விரலை இழுத்தேன். தோல் கொஞ்சம் ஸ்வெட்டரிலேயே தங்கிவிட்டது. காதலுக்காக ரத்தம் சிந்தினேன் என்று யாராவது சொன்னால் இனிமேல் நான் சிரிக்க மாட்டேன்.

மறுநாள் வெள்ளனே ஒரு கடந்தையைப் பிடித்து, மேடம் கம்பி ஒட்டி, விட்டார்கள். பள்ளத்துப் பக்கம் இறங்கியது. பின்னாலேயே போனோம். சில்வர் ஓக் மரங்களுக்குள் சத்தம் மங்கி நின்றுவிட்டது. மத்தியானம் வரை தேடினோம். பனி மேலேறத் தொடங்கியதும் ஆராய்ச்சிக்காரர், "மேலே ஜீப்புக்குப் போய்ச் சாப்ட்டுட்டு வந்துடலாம், இங்கெல்லாம் அட்டை" என்றார்.

"நீங்க போங்க. எனக்குப் பசியில்ல" என்றேன். பசிதான் உயிர் போனது.

"வரலையா? எலுமிச்சம்பழச் சாதம்" என்றாள் அவள்.

"வேணாம்."

போய்விட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. பனியில் மெரூன் நிறம் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கேயோ அந்தச் சிரிப்பு கேட்ட மாதிரி இருந்தது. பனியில் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

அவர் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன ராடாரை எடுத்தேன். ஹெட்போனைக் காதில் மாட்டினேன். மேல்பக்கம், ஜீப் நிற்கிற திசைக்குத் திருப்பினேன். சத்தமே இல்லை. நன்றாக உயர்த்தி, இடமும் வலமும் வீசிப் பார்த்தேன். இல்லை. அப்படியே மெதுவாகக் கீழ்ப்பக்கம் திருப்பினேன்.

கீச்.

மேலே போகிறோம் என்று சொன்னவர்கள் கீழே இருக்கிறார்கள்.

அது காலையில் விட்ட கடந்தையாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இரண்டு வாரமாகக் கடந்தையைத் தவிர வேறெதையும் தேடாத ஆள் நான். அன்றைக்கு மட்டும் உலகத்தில் கடந்தை என்று ஒரு பிறவியே இல்லை. இருந்ததெல்லாம் மெரூன் ஸ்வெட்டர்.

முதுகில் பேட்டரி, கையில் ராடார், காலில் அட்டை. இறங்கினேன். கீச், கீச் என்று சத்தம் நெருங்கியது. மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு பழைய ஷெட் உண்டு. அந்தக் காலத்து எஸ்டேட்காரர்கள் காபிப் பழத்தைத் தோலுரிக்க வைத்திருந்தது. மேலே தகரம் துருப்பிடித்து, ஒரு ஜன்னல் உடைந்து, வருஷக்கணக்காக யாரும் போகாத இடம். ராடாரை அந்த ஜன்னலுக்கு நேரே நீட்டினேன். காது கிழிகிற மாதிரிக் கத்தியது.

ஷெட்டுக்குள்ளேயா! கதவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். கோபத்தில் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் பயம். உள்ளே அவர்கள் இருந்தால் என்ன செய்வேன் என்று ஒரு யோசனையும் என்னிடம் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் காட்டுமாடு கதை ஒன்றுதான். அதைப் போய் அங்கே சொல்ல முடியுமா?

ஹெட்போன் மாட்டியிருந்ததால் வேறெந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை. கதவை எட்டி உதைத்தேன். உளுத்த பலகை, ஒரே உதையில் திறந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"வெளிய வாடா!"

வந்தார்கள். இருநூறு பேராவது இருக்கும்.

உத்திரத்திலிருந்து தவலைப்பானை மாதிரி ஒரு கூடு தொங்கியதை ஒரு கணம் பார்த்தேன். அடுத்த கணம் மேட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். ஏறுவதற்கு அரைமணி ஆகிற மேடு. அன்று எவ்வளவு ஆனது என்று தெரியாது. வழியில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள நினைவில்லை. காதில், உதட்டில், புருவத்தில், சொல்லக்கூடாத இடத்தில் என்று நாலு கொட்டு. ராடாரை மட்டும் கீழே போடவில்லை.

மேலே ரோட்டில் ஜீப் நின்றது. அதன் பானட்டில் டிபன் பாக்ஸ்கள். ஜீப்காரன், ஆராய்ச்சிக்காரர், அவள், மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எனக்கு முதுகு காட்டி நின்றாள். மெரூன் முதுகு.

"என்னங்க!" என்று கையில் சோற்றோடு ஓடி வந்தாள். கீச்சுக்குரல்தான். ராடார் இல்லாமலே எனக்குக் கேட்டது.

ஆராய்ச்சிக்காரர் மாத்திரை கொடுத்தார், ஐஸ் வைத்தார், மூச்சு விட முடிகிறதா என்று நூறு தடவை கேட்டார். ஐஸ் என் பிளாஸ்க்கில் இருந்து வந்தது. மனிதர் நல்லவராகவும் இருந்து தொலைத்தார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. ஜீப் ஆஸ்பத்திரிக்குப் பறந்தபோது, வீங்கிய வாயால், "கூடு... பழைய ஷெட்டு" என்றேன்.

"அண்ணா! கண்டுபிடிச்சுட்டீங்ளா? எப்படிங்ணா?"

"ஒரு யூகம்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம் வரை படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு ஆண்களும் டீ குடிக்க வெளியே போனதும் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து எதையோ கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"காலைலயே தெரியும். போட்டதும் குத்துச்சு."

எனக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. அதையும் மூடிக்கொண்டேன்.

"கேக்கவேண்டியதுதானே?" என்றேன்.

"என்னதான் பண்ணுவீங்கன்னு பாக்கலாம்னு இருந்தேன்." என் உள்ளங்கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தாள். "மூடியில இருந்துதான எடுத்தீங்க?"

"நல்லது மூடியிலதான இருக்கும்?"

"அது நம்ம வீட்ல. அவரு ஒடைஞ்சதத்தான் மூடியில போடுவாரு. இது பேசாத கம்பி. ஏங்க, திருடுறதும் திருடுறீங்க, நல்லதா ஒண்ணு எடுக்கப்படாதா?"

மேல்பக்கம் திருப்பியபோது ராடார் ஏன் ஊமையாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவள் சொன்ன இடத்தில்தான் இருந்திருக்கிறாள். எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டிருக்கிறாள். ஷெட்டில் நடந்ததையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன்.

"அன்னைக்கு ஆரஞ்சு மரத்தடியில எதுக்கு அப்படிச் சிரிச்ச?" என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

"அதுக்கா இம்புட்டும்?" என்றாள். முகம் போன போக்கைப் பார்த்தால் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "அவரு காட்டுமாட்டுக்குப் பயந்து மரத்துல ஏறுனதச் சொன்னாரு. நான் ஒங்க மாமா கதையச் சொன்னேன்."

"என் கதையா?"

"ஒங்க கதைதான். இன்னைக்கும் சாப்பிடும்போது இன்னொரு தடவ சொல்லச் சொன்னாரு."

"நான் சொன்னா நீ சிரிக்கிறதே இல்லையே."

யோசித்தாள். "கேக்கும்போது வரமாட்டேங்குது. சொல்லும்போது வருது. நீங்க எங்க என்னைச் சொல்ல விட்டீங்க?"

 பதில் சொல்லாமல் தப்பிக்க உதடாவது வீங்கியிருந்தது, நல்லவேளை.

அதற்குள் இருவரும் டீயோடு உள்ளே வந்தார்கள். ஜீப்காரன் என் முகத்தைப் பார்த்து, "அடப்பாவி, ஷெட்டுக்குள்ள போயி என்னத்தலே பண்ணுன?" என்றான். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டே, "உள்ள யாரோ இருக்காகன்னு நெனச்சு வெளிய வரச் சொன்னாராம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக அவளுக்கு நான் ஏழு பிறவிக்குப் பேட்டரி தூக்கலாம்.

ஆராய்ச்சிக்காரர் கூட்டைச் சில நாள் பார்த்துக் குறித்துக்கொண்டு, கனத்த உடுப்புப் போட்ட ஆட்களை வைத்து இறக்கினார். மிச்சம் ஆறு பெட்டியும் பிழைத்தன. போகும்போது என் கையைப் பிடித்து, "உங்க கண்ணு ராடார விடக் கூர்மைங்ணா" என்றார். தலையாட்டினேன். இந்த வருஷம் கூக்கால் கிராமத்தில் வேலை ஆரம்பிக்கிறார். போன் செய்து, அங்கே இருக்கிற பெண்களுக்கு ஒட்டச் சொல்லித்தர மேடம் வருவார்களா என்று கேட்டார். அவள் என்னிடம் போனைக் கொடுத்தாள். பேட்டரிக்கு ஆள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. இடம் மாறிவிட்டது.

போன மாதம் பேத்துப்பாறையில் அவள் தங்கை வீட்டில் விசேஷம். பந்தி முடிந்ததும் வழக்கம்போல என்னைச் சுற்றி நாலு பேர் கூடினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு நாள் பனி இறங்கியிருந்துச்சு..." என்று ஆரம்பித்தேன். அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலு பேரில் மூன்று பேர் எழுந்து போனார்கள். நாலாமவர் காது கேளாதவர்.

நானும் போய் வாசலில் நின்று பார்த்தேன். நடுவில் அவள். இடுப்பில் கை வைத்து, ஒரு காலைத் தூக்கி, கதவை உதைக்கிறாள். "வெளிய வாடான்னாரு!" என்று நிறுத்துகிறாள். எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டுமோ அவ்வளவு நேரம். அந்த இடைவெளி எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி அமைந்ததில்லை. பிறகு மெதுவாக, "வந்தாக" என்றாள். அறையே சாய்ந்தது. அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாறு கொட்டு!" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நாலு" என்றேன் வாசலிலிருந்து.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.